கையில் தூங்கிய காடை

பிரெஞ்சில் காடைக்குக் 'காய்' என்று பெயர். நான் படித்த பள்ளியில் இந்தச் சொல் வந்தாலே வகுப்பில் சிரிப்புத்தான். பிரெஞ்சுக்காரர்கள் பிரியமானவர்களை 'மா காய்', அதாவது 'என் காடையே' என்று கொஞ்சுவதுண்டு என்று ஆசிரியர் சொல்லப்போக, பின் பெஞ்சிலிருந்து ஒருவன் 'மாங்காய்' என்றான். அவனோடு சேர்த்து நாங்கள் நாலு பேர் அன்று மணி அடிக்கும்வரை முட்டி போட்டோம்.

பணி ஓய்வுக்குப் பிறகு மொட்டைமாடியில் கூண்டு கட்டிப் பன்னிரண்டு காடை வளர்த்தேன். பண்ணையில் வாங்கிய ஜப்பான் காடைகள். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கின. வீட்டுக்கு யார் வந்தாலும் மாடிக்கு அழைத்துப்போய் ஒரு வித்தை காட்டுவேன். ஒரு காடையை எடுத்து உள்ளங்கையில் மல்லாத்திக் கொஞ்ச நேரம் அணைத்துப் பிடித்துவிட்டு, மெதுவாகப் பிடியை விடுவேன். அது அசையாமல் அப்படியே கிடக்கும். "பாருங்கள், என் கை அதற்குப் பழகிவிட்டது, தூங்குகிறது" என்பேன். வந்தவர்கள் வியந்து போவார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

காடையைக் கைக்குப் பழக்குவது மனிதனுக்குப் பழைய ஆசை. கலித்தொகைக் காலத்திலேயே நம்மவர்கள் குறும்பூழ்ப் போர் பார்த்திருக்கிறார்கள். குறும்பூழ் என்பது காடை. கிரேக்க நாட்டிலும் இந்தப் பைத்தியம் இருந்தது. ஏதென்ஸ் நகரத்து அல்சிபியாடஸ் இளைஞனாக இருந்தபோது நடந்ததாக ப்ளூடார்க் ஒரு கதை எழுதியிருக்கிறார். மக்கள் சபையில் அவன் பொதுக் காரியத்துக்குப் பணம் கொடுத்ததும் கூட்டம் கை தட்டி ஆரவாரம் செய்தது. அந்தச் சந்தோஷத்தில் மேலாடைக்குள் ஒரு காடையை வைத்திருந்ததை அவன் மறந்துவிட்டான். அது வெளியே பாய்ந்து பறந்துவிட்டது. சபையே எழுந்து அதைத் துரத்தியது. பிடித்துக் கொடுத்தவன் ஒரு மாலுமி, அதற்குப்பின் அவனுக்கு வேண்டியவனாகிவிட்டான். கதை நண்பன் கிடைத்ததைப் பற்றியது. ஆனால் நான் கவனித்தது வேறு. உடம்போடு ஒட்டி வைத்து வளர்த்த பறவை, சத்தம் கேட்டதும் ஓடிவிட்டது.

லக்னோ நவாபுகளின் காலத்தில் இதை ஒரு கலையாகவே செய்தார்கள். பிடித்து வந்த காட்டுக் காடையைத் தண்ணீரில் நனைத்து மணிக்கணக்கில் முஷ்டிக்குள் வைத்திருப்பார்கள். பட்டினி போடுவார்கள். இரவில் அது கண் அயரும் நேரம் பார்த்துக் காதருகே 'கூ' என்று கத்துவார்கள். நாளடைவில் அதன் காட்டுத்தனம் வடிந்துவிடும். அதற்கு மேல்தான் சண்டைக்குப் பழக்கம். நானும் அரசுப் பணியில் இப்படிச் சில மேலதிகாரிகளைப் பார்த்திருக்கிறேன், அது இங்கே வேண்டாம்.

கிரேக்கனும் நவாபும் பழக்கியது ஒவ்வொரு பறவையாக. அது செத்தால் அந்தப் பழக்கமும் செத்தது. அடுத்த காடையைக் காட்டிலிருந்து பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஜப்பானியர்கள்தான் காடையை வம்ச வம்சமாக வீட்டுப் பறவையாக்கியவர்கள். அதுவும் முதலில் முட்டைக்கோ கறிக்கோ அல்ல, குரலுக்காக! சேவல் காடை கூவுவது நம் காதுக்குக் கரகரப்புத்தான். அதை அவர்கள் ரசித்தார்கள். எடோ காலத்தில், அதாவது 1603க்கும் 1868க்கும் இடையில், சாமுராய்களும் பணக்கார வியாபாரிகளும் 'உசுரா அவாசே' என்று காடைகளைக் கூவவிட்டுப் போட்டியே நடத்தினார்கள். அலங்காரக் கூண்டுகள் செய்தார்கள். கபுகி நாடகக் கொட்டகையில் பக்கவாட்டில் கம்பு தடுத்த இருக்கைகளுக்குக் காடைக் கூண்டின் சாயல் இருந்ததால் 'உசுரா' என்றே பெயர் விழுந்துவிட்டது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாட்டு மோகம் போய் முட்டை வியாபாரம் வந்தது. குரலுக்குப் பதில் முட்டைக் கணக்குப் பார்த்து ஜோடி சேர்த்தார்கள். இரண்டாம் உலகப் போரில் தீவனம் இல்லாமல் பெரும்பாலான காடைகள் அழிந்தன. பாட்டுக்காக வளர்த்த வம்சங்கள் அதோடு போயின. மிஞ்சிய கொஞ்சத்திலிருந்து மறுபடி பெருக்கினார்கள். அந்த வழியில் வந்தவைதான் 1974இல் கலிபோர்னியாவிலிருந்து உத்தரப்பிரதேசத்து இசத்நகருக்கு வந்து, பிறகு நம் ஊர்ப் பண்ணைகள்வரை பரவின. இத்தனை தலைமுறையில் காடை எதை எதையோ இழந்துவிட்டது. பத்து கிராம் முட்டையை நாள் தவறாமல் இடும், அடைகாக்க மறந்துவிட்டது. இன்குபேட்டர் இல்லாவிட்டால் குஞ்சு இல்லை. பருவம் மாறும்போது கடல் தாண்டிப் போகும் பழக்கமும் போய்விட்டது.

பயம் மட்டும் போகவில்லை. கூண்டுக்கு மேலே காக்கை நிழல் பட்டால் போதும், விருட்டென்று நேர் மேலே எகிறித் தலையை மோதிக்கொள்ளும். அதனால்தான் பண்ணைகளில் கூண்டை ஒரு சாண் உயரத்துக்குமேல் வைப்பதில்லை. எகிற வேகம் கிடைக்கக் கூடாது.

என் வித்தைக்கு வருகிறேன். பிரான்சில் இருக்கும் என் தம்பி மகள் ஒருமுறை வந்திருந்தபோது இதைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, அது தூங்கவில்லை" என்றாள். ஊருக்குப் போனதும் பிரெஞ்சில் ஒரு கட்டுரை அனுப்பினாள். தூர் நகரத்துக்குப் பக்கத்தில் நூசியி என்ற இடத்து அரசு வேளாண் ஆய்வு நிலையத்தில் மில்ஸ், ஃபோர் என்ற இருவர் செய்த ஆராய்ச்சி. காடைக் குஞ்சை ஒரு சிறு தொட்டிலில் மல்லாத்திப் பத்து விநாடி கையால் அழுத்திப் பிடிப்பார்கள். கையை எடுத்தபின் அது எவ்வளவு நேரம் அப்படியே கிடக்கிறது என்று எண்ணுவார்கள். பருந்தின் காலில் சிக்கிய பறவை செத்ததுபோல் கிடக்குமே, அதுதான் இது. அதிக நேரம் கிடந்தால் அதிக பயம். அதிக நேரம் கிடந்தவற்றை ஒரு பக்கம், சீக்கிரம் எழுந்தவற்றை ஒரு பக்கம் தலைமுறை தலைமுறையாக ஜோடி சேர்த்தார்கள். ஒரே இனத்துக்குள் பயந்த வம்சம் ஒன்றும் பயம் குறைந்த வம்சம் ஒன்றுமாகப் பிரிந்துவிட்டன. 1991இல் வெளியிட்டார்கள்.

படித்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுமார் மூன்று வருஷம், வந்தவர்கள் முன்னாலெல்லாம், அந்த வாயில்லா ஜீவனைச் சாவுப் பயத்தில் போட்டுவிட்டுத் தூங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன். எல்லாவற்றிலும் அதிக நேரம் கிடந்த புள்ளிக்காரியைத்தான் எனக்கு மிகவும் பழகியவள் என்று நினைத்திருந்தேன். கணக்குத் தலைகீழ்.

அதோடு வித்தையை நிறுத்தினேன். மேலிருந்து கை விடுவதையும் நிறுத்தினேன். காலையில் கூண்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கையில் கொஞ்சம் கரையானை வைத்துக்கொண்டு தரையில் உட்காருவேன். முழங்கால் வலி தாங்கும்வரைதான். "அதுகளுக்காகத் தவம் இருக்கிறீர்களாக்கும்" என்று வீட்டில் சொல்வார்கள். ஒரு மாதம் போல ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு சேவல் வந்து கொத்தியது, அடுத்த வாரம் இரண்டு பெட்டைகள். புள்ளிக்காரி கடைசிவரை வரவில்லை. மூலையில் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் பங்கைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து வருவேன். நான் படியிறங்கிய பிறகுதான் தின்பாள்.