யூரியாவும் காக்கைவலிப்பும்

நெய்வேலி நகரியத்தின் பழைய குடும்பங்களுக்கு யூரியா என்னும் சொல் புதிதன்று. பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும் அனல்மின் நிலையமும் எழுந்த அவ்வூரில், 1960களில் உரத் தொழிற்சாலையும் எழுந்தது; பின்னாளில் அது மூடப்பட்டது. வயலுக்கு உரமான அப்பொருளே காக்கைவலிப்பு மருந்துகள் இரண்டின் பிறப்பிலும் கலந்திருப்பதை அறிந்தோர் சிலரே.

இந்நோயை மூளை சார்ந்ததென்றே இப்னு ஸீனா தமது 'கானூன்' நூலில் ஆராய்ந்தார். நம் தெருக்களிலோ, வலிப்பு வந்தவன் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதே வைத்தியமாக நிலைத்தது! 1857இல் லண்டன் மருத்துவர் லோகாக் புரோமைடு உப்பைப் பரிந்துரைத்தார். வலிப்பு தணிந்தது; அறிவும் மந்தமாயிற்று.

யூரியாவுடன் மலோனிக் அமிலம் கூடிப் பிறப்பது பார்பிட்யூரிக் அமிலம். அதன் வழித்தோன்றலான பீனோபார்பிடோன் ஜெர்மனியில் தூக்க மருந்தாகவே வந்தது. பிரைபர்க் நகர மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஆல்பிரட் ஹாப்ட்மன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்தார். அவர்கள் உறங்கியதோடு வலிப்பும் குறைந்ததைக் கண்டு, 1912இல் வெளியிட்டார். உலகுக்கு இத்தகைய நன்மை செய்தவரை, யூதர் என்பதற்காக 1938இல் டாக்காவ் முகாமில் அடைத்தனர் நாஜிகள். விடுபட்டு அமெரிக்கா சென்ற அவர் 1948இல் பாஸ்டனில் மறைந்தார்.

பெனிடாயினை 1908இலேயே பில்ட்ஸ் என்பார் பென்சிலையும் யூரியாவையும் கொண்டு ஆக்கியிருந்தார். தூக்கம் தராத பொருளென்று முப்பதாண்டுகள் அது கவனிப்பாரற்றுக் கிடந்தது. தூக்கம் தராமையே அதன் சிறப்பு என்பதை 1938இல் மெரிட்டும் புட்னமும் மெய்ப்பித்தனர்.

இவ்விரண்டும் இன்றும் விலை மலிந்தவை. கர்நாடகத்தின் எளந்தூர் வட்டாரக் கிராமங்களில் டாக்டர் கே. எஸ். மணி குழுவினர் இவற்றைக் கொண்டே ஏழைகளுக்கு மருத்துவம் செய்து, பலனை 2001இல் வெளியிட்டனர். ஆயினும் 'நோய்தான் நின்றுவிட்டதே' என்று குடும்பத்தார் தாமாகவே மாத்திரையை நிறுத்துவதுண்டு. திடீரென நிறுத்தினால் ஓயாத வலிப்பு மூண்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெண் பிள்ளையாயின் மாத்திரையே மறைபொருளாகிவிடும். இதற்குச் சட்டமும் துணைபோயிற்று. இந்துத் திருமணச் சட்டத்திலும் தனித் திருமணச் சட்டத்திலும் திருமணத்திற்குத் தடையாக இருந்த இந்நோயின் பெயர் 1999இல்தான் நீக்கப்பட்டது. 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண விலக்குச் சட்டம் மணவிலக்குக் காரணங்களாகச் சில நோய்களைக் குறிப்பிட்டது. காக்கைவலிப்பு அவற்றுள் ஒருபோதும் இருந்ததில்லை.