குண்டு விழுந்த தூரம்

1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடம் வாங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி, பீரங்கிக் குண்டு விழும் தூரம்வரை உள்ள ஊர்களையும் சேர்த்தே வாங்கியது. குண்டு கிராமங்கள் என்று அவற்றுக்குப் பெயர். அந்த எல்லை, அதற்குள் குடியிருந்தவர்களைக் கேட்டு வகுக்கப்பட்டதல்ல.

1861ஆம் ஆண்டுக் கவுன்சில் சட்டம், சபையைக் கேளாமல் ஆறு மாதத்துக்குச் செல்லும் அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரத்தைக் கவர்னர் ஜெனரலுக்குத் தந்தது. குடியரசும் அதை விட்டுவிடவில்லை. 123ஆம் ஷரத்தாக வைத்துக்கொண்டது. சபை கூடிய ஆறு வாரத்தில் காலாவதி என்ற கட்டு மட்டும் சேர்ந்தது.

அந்தக் கட்டின் கதி என்ன? பீஹாரில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள், சபைக்கு வராமலே திரும்பத் திரும்பப் பிறப்பிக்கப்பட்டன. அரசியல் சட்டத்தின் மீதான மோசடி என்று 1986இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

1969 ஜூலை 19இல் பதினான்கு வங்கிகள் அவசரச் சட்டத்தால் அரசுடைமையாயின. 21ஆம் தேதி பார்லிமெண்ட் கூடவிருந்தது. 2017 ஜனவரி 21இல் ஜல்லிக்கட்டு அவசரச் சட்டம்; 23ஆம் தேதி சட்டசபை கூடியது. வங்கிக் குமாஸ்தாவாகிய எனக்கு முதலாவதால் சோறு. தமிழனாக இரண்டாவதில் மகிழ்ச்சி. ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது: அந்த இரண்டு நாள் ஏன் பொறுக்கவில்லை? நமக்குப் பிடித்ததற்காக அன்று கேளாமல் விட்ட கேள்வியை, பிடிக்காதது வரும் நாளில் எந்த வாயால் கேட்பது?