தில்லைத் திருநகரும் நீர்நிலைக் காப்பும்

உயிர்கள் வினையை நுகர்ந்து மலம் நீங்குதற்பொருட்டுத் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கனையும் இறைவன் மாயையினின்றும் தோற்றுவித்தருளினான் என்பது சைவ சித்தாந்தத் துணிபு. இவற்றுள் தனுவாகிய உடம்பு, புவனத்தின் நிலத்தையும் நீரையும் காற்றையும் பற்றியே நிற்பது. புவனம் கெடின் தனு நோயுறும். தனு நோயுறின் வழிபாடும் தளரும். ஆதலின் ஊரைப் பேணுதல் உயிரைப் பேணுதற்குப் புறம்பாகாது. இவ்வுண்மையைத் தில்லையும் கடலூரும் தம் வரலாற்றால் விளக்குகின்றன.

தில்லை என்னும் பெயர் மரத்தால் வந்தது. அம்மரம் கிழக்கேயுள்ள பிச்சாவரத்து உப்பங்கழிகளில் இன்றும் காணப்படும். கடலுக்கு அணித்தாகிய தாழ்நிலத்து நகரமாதலின், பெருமழைக்கண் வெள்ளத்தை ஏற்கவும் வேனிற்கண் கிணற்றூற்றைக் காக்கவும் இந்நகர்க்குக் குளங்கள் இன்றியமையாதன ஆயின. சோழர் படைத்தலைவனாகிய நரலோகவீரன், சிவகங்கைத் திருக்குளத்திற்குக் கற்படி அமைத்ததும், மாசிக் கடலாட்டிற்குப் பெருவழி கண்டதும் கல்வெட்டான் அறியப்படும். திருநீலகண்ட நாயனார் மூழ்கி இளமை பெற்ற குளம் இளமையாக்கினார் கோயிலைச் சார்ந்தது. சிவஞான சித்தியாருக்கு உரை கண்ட யாழ்ப்பாணத்து ஞானப்பிரகாச முனிவர், 17ஆம் நூற்றாண்டில் இந்நகரில் ஒரு குளம் தோண்டுவித்தார். அஃது அவர் பெயராலேயே வழங்குகின்றது. நூலுக்கு உரை செய்தவரே ஊருக்குக் குளமும் தந்தனர் என்பது நினைவிற் கொள்ளற்பாலது.

நகரைச் சூழ்ந்த நாட்டிற்கு வீரநாராயணன் ஏரி வாழ்வளித்தது. 10ஆம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்தில் அமைந்து, அவன் சிறப்புப் பெயரைத் தாங்கிய இவ்வேரி, வீராணம் என மருவிற்று. ஏறக்குறைய 14 கிலோமீட்டர் நீளமுள்ள இதற்கு, 1836இல் கொள்ளிடத்தின்மீது கட்டப்பெற்ற கீழணையிலிருந்து வடவாறு நீர் கொணர்கின்றது. 1920களில் மாம்பலத்து நெட்டேரியைத் தூர்த்துத் தியாகராய நகர் கண்ட சென்னை மாநகர், 2004 முதல் குடிநீருக்கு இவ்வேரியையும் நாடுவதாயிற்று. தன்னகத்து நீர்நிலையை அழித்த நகர், பிறர் பேணிய நீரை வேண்டி நிற்கும் என்பதற்கு இஃதொரு சான்று.

வரத்துக்கால் தூர்ந்து கழிவுநீர் புகுந்த குளம், கொசுவிற்கு உறைவிடமாய் நோய்க்கு வாயிலாகும். அதன் அயலிலுள்ள கிணறுகளும் மாசுறும். ஆலைக் கழிவோ இதனினும் கொடிது. தூர் வாரினும் எளிதில் நீங்காது. கடலூரில் உப்பனாற்றங்கரையில் 1980களில் எழுந்த சிப்காட் தொழிற்பேட்டையைச் சூழ்ந்த சிற்றூர் மக்கள், காற்றில் நாற்றமும் கிணற்றில் கேடும் உற்றமை குறித்து நெடுங்காலம் முறையிட்டனர். உச்சநீதிமன்றம் அமைத்த கண்காணிப்புக் குழு 2004இல் நேரில் வந்து ஆராய்ந்தது. தொழில் வேண்டா என்பார் யாருமிலர். ஆயின், கூலி ஈட்டும் உடம்பையே நலியச்செய்யும் தொழில், ஈட்டமோ இழப்போ என்பது ஆராயத்தக்கது.

அவ்வாண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கடற்கரையை அழித்தது. பிச்சாவரத்துக் கழிக்காட்டின் பின்புறமிருந்த ஊர்கள் குறைந்த சேதமுற்றன என ஆய்வாளர் எழுதினர். நிலத்தின் உயர்வும் கடலினின்றும் உள்ள தொலைவும் காரணம் என்றாரும் உளர். எவ்வாறாயினும், கழிக்காடு அலையின் வேகத்தைத் தணிக்கும் என்பது ஐயுறற்பாலதன்று.

இப்பணிக்கு வழிகாட்டிகளைச் சைவர் பிறவிடத்துத் தேடல் வேண்டா. கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில் திலகவதியார் திருவலகிட்டுத் திருமெழுக்கிட்டார். சூலைநோய் நீங்கப்பெற்ற அவர்தம் தம்பியார் உழவாரம் ஏந்தினார். கல்லே மிதவையாக அவர் கரையேறிய திருப்பாதிரிப்புலியூரும் கடலூர் நகரின்கண்ணதே. நோய் தீர்ந்தவர் முதற்கண் கைக்கொண்டது, புல்லைச் செதுக்கி இடத்தைத் தூய்மை செய்யும் கருவி. அவ்வுழவாரம் திருமதிலின் உள்ளே நின்றுவிடுதல் தகாது. குளக்கரைக்கும், வாய்க்காலுக்கும், ஆற்றிற்கும் செல்லுதல் வேண்டும். நீர் தூயதாயின் ஊர் நலமுறும். ஊர் நலமுறின் அடியார் கூட்டமும் வழிபாடும் தழைக்கும்.