மலைக்கு நாள் குறித்தது எது? நீலகிரி இருப்புப்பாதையின் 1854 பற்றி ஓர் ஆராய்ச்சி

நீலகிரி மலை இருப்புப்பாதை 2005-ஆம் ஆண்டில், டார்ஜிலிங் பாதைக்கு 1999-இல் கிடைத்த உலகப் பாரம்பரியச் சின்னம் என்னும் அந்தஸ்தின் விரிவாக்கமாகச் சேர்க்கப்பட்டபோது, அதற்கென யுனெஸ்கோ ஸ்தாபனம் எழுதிய சுருக்கமான வர்ணனை, அன்று முதல் வழிகாட்டி நூல்களிலும் பத்திரிகைகளிலும் சாசன வாக்கியம்போலவே எடுத்தாளப்பட்டு வருகிறது. அதன் சாரம் இது: இப்பாதை 1854-இல் முதன்முதலாக உத்தேசிக்கப்பட்டது, மலைப்பிரதேசத்தின் கடினத்தால் வேலை 1891-இல்தான் தொடங்கியது, 1908-இல் முடிவு பெற்றது. ஆண்டுகள் மூன்று, காரணம் ஒன்று. பின்னிரண்டு ஆண்டுகளைப் பற்றி நமக்குப் பெரிய ஆக்ஷேபம் இல்லை. முதல் ஆண்டை நிபந்தனையோடுதான் ஏற்க முடியும் என்பதும், சொல்லப்பட்ட காரணத்தை அப்படியே ஏற்பதற்கில்லை என்பதும், தாமதத்திற்கு மலையைக் காட்டிலும் மூலதனமே அதிகப் பொறுப்பு என்பதும், புதுச்சேரியிலிருந்து இவ்விஷயத்தைப் பார்ப்பவனுக்குச் சில சாட்சியங்கள் கூடுதலாகக் கிடைக்கின்றன என்பதும் இக்கட்டுரையின் கட்சி.

முதலில் 1854-ஐ எடுத்துக்கொள்வோம். தென்னிந்தியாவின் முதல் பிரயாணி ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடியது 1856 ஜூலை முதல் தேதியில். மலையடிவாரமான மேட்டுப்பாளையத்திற்குப் போத்தனூரிலிருந்து தண்டவாளம் வந்து சேர்ந்தது 1873-இல். அடிவாரத்திற்கே ரயில் வராத காலத்தில், அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ரயில் விடுவது என்ற உத்தேசத்திற்கு என்ன பொருள்? இப்பாதையில் உள்ளதுபோல் எஞ்சினின் பற்சக்கரம் பற்சட்டத்தைக் கவ்வி ஏறும் தத்துவம் அக்காலத்தார் அறியாதது அன்று என்று யுனெஸ்கோவின் கட்சிக்காரர் பதில் கூறலாம். 1812-லேயே இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்து நிலக்கரிப் பாதையில் பிளென்கின்சாப் என்பவர் அதைக் கையாண்டிருக்கிறார். ஆனால் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு மலையேறிய பற்சட்டப் பாதைகள் எவை என்று கணக்கெடுத்தால், அமெரிக்காவின் மவுண்ட் வாஷிங்டன் 1869, சுவிட்சர்லாந்தின் ரிகி 1871 என்றுதான் வரிசை தொடங்குகிறது. நீலகிரியில் இன்றும் உள்ள இரட்டைப் பற்சட்ட முறைக்கு ரோமன் அப்ட் காப்புரிமை பெற்றதோ 1882-இல். ஆகவே 1854-இல் ஒரு காகிதம் எழுதப்பட்டிருக்கலாம். அது மலையடிவாரம் வரைக்கும் ரயிலைக் கொண்டுவரும் யோசனையாகவோ, சாதாரண எஞ்சினே சுற்றிச் சுற்றி ஏறும் நீண்ட பாதையின் யோசனையாகவோ இருந்திருக்க வேண்டுமேயன்றி, பின்னர் கட்டப்பட்ட பாதையின் பிறப்புச் சான்றிதழாக அதைக் கருதுவதற்கு இடமில்லை. 37 ஆண்டுத் தாமதம் என்ற கணக்கில் முதல் 19 ஆண்டுகள் இவ்வாறு தாமாகவே கழிந்துபோகின்றன.

இங்கே ஒரு பாடபேதத்தின்மேல் சற்றுத் தங்க வேண்டியிருக்கிறது. 1882-இல் அரசாங்கத்தின் அழைப்பின்பேரில் நீலகிரிக்கு வந்து, 1,32,000 பவுன் செலவாகும் என்று மதிப்பீடு கொடுத்ததாகச் சொல்லப்படும் சுவிஸ் எஞ்சினியரின் பெயர், இப்பாதையைப் பற்றிய பிற்காலக் குறிப்புகள் பலவற்றில் ஆர்தர் ரிக்கன்பாக் என்றே காணப்படுகிறது. அவர்தாம் ரிகி முறையைக் கண்டவர் என்றும் அதே குறிப்புகள் சேர்த்துச் சொல்கின்றன. ரிகி முறையைக் கண்டவரோ நிக்லவுஸ் ரிக்கன்பாக்; 1863-இல் பிரெஞ்சு அரசாங்கத்திடம் அதற்குக் காப்புரிமை பெற்றவரும் அவரே. இரண்டு கூற்றும் ஒருங்கே உண்மையாக இருக்க இயலாது. வந்தவர் கண்டுபிடிப்பாளரே என்றால் பெயர் பிழை; வந்தவர் அதே பெயருடைய வேறொருவர் என்றால் அடைமொழி பிழை. ஒருவர் எழுதிய பிழையைப் பின்வந்தவர் பார்த்தெழுதியதே என்று நான் யூகிக்கிறேன். அந்த யூகத்தைவிட முக்கியமானது வேறொன்று: ஒரு பெயரைக்கூடச் சரிபார்க்காமல் கைமாற்றிவந்த அதே பரம்பரைதான் 1854 என்ற ஆண்டையும் நமக்குக் கைமாற்றியிருக்கிறது. ஆதாரத்தின் ஒரு முனை தளர்ந்திருந்தால் மறுமுனையை இழுத்துப் பார்ப்பது ஆராய்ச்சியாளன் கடமை.

ரிக்கன்பாக்கின் திட்டத்தை மலை தடுத்ததா என்றால், இல்லை. அதை நிறைவேற்றுவதற்கென்று எழுந்த கம்பெனி, முதலீட்டிற்கு அரசாங்கம் வட்டி உத்தரவாதம் தர வேண்டும் என்று கேட்டது, அரசாங்கம் மறுத்தது, திட்டம் படுத்துவிட்டது. 1885-இல் வேறொரு கம்பெனி தோன்றியது. 1891 ஆகஸ்டில் சென்னைக் கவர்னர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். மூன்றே ஆண்டுகளில், 1894-இல், அந்தக் கம்பெனி கலைக்கப்பட்டது. 1896-இல் எழுந்த புதிய கம்பெனி பழையதன் உடைமைகளை வாங்கி, 1899 ஜூனில் குன்னூர் வரைக்கும் ரயிலை ஓட்டிக் காட்டியது. 1903-இல் அரசாங்கமே பாதையை விலைக்கு வாங்கிக்கொண்டது. கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள பகுதிதான் இந்த மலையின் கடினமெல்லாம் திரண்ட இடம்; பற்சட்டம் உள்ளதும், பன்னிரண்டடிக்கு ஓரடி உயரும் ஏற்றம் உள்ளதும் அங்கேதான். அந்தப் பகுதி 1899-லேயே முடிந்துவிட்டது. குன்னூருக்கு மேலே பற்சட்டமே தேவைப்படாத பாதைக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. கடினம் காரணமானால், கடினமான பாதி முந்தி, எளிதான பாதி பிந்தியது எவ்வாறு? அந்த எளிதான பாதியில் வெலிங்டன் படைவீடும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அரவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருப்பதைக் கவனித்தால், பாதையை மேலே இழுத்தது அரசாங்கத்தின் தேவை என்று கொள்வது பொருந்தும்.

இனி, ரயிலுக்கு முன்பே அந்த மலைக்குச் சென்ற பிரயாணிகளைப் பார்ப்போம். இங்கே புதுச்சேரி நேரடியாகச் சம்பந்தப்படுகிறது. 1819-இல் கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குச் சென்றதை எல்லாரும் எழுதுகிறார்கள். அதே ஆண்டில், புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவர சாஸ்திரி லெஷனோ த லா தூர், நோயால் மெலிந்த நிலையில் அங்கே சென்று தேறினார் என்பதைச் சிலரே நினைவுகூர்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குள்ளாக இந்தத் தொடர்பு இன்னும் தெளிவாகிறது. நீலகிரியின் கேத்தியில் கிழக்கிந்தியக் கும்பெனியார் நடத்திய பரிசோதனைப் பண்ணை மூடப்பட்ட பின், அக்கட்டிடம் புதுச்சேரிக் கவர்னர் சேன் சிமோன் பிரபுவுக்கு வாடகையின்றி விடப்பட்டது என்றும், அங்கே கைவிடப்பட்டிருந்த தேயிலைச் செடிகளின்மேல் புதுச்சேரித் தாவர சாஸ்திரி பெரொத்தேயின் பார்வை பட்டது என்றும், பிரான்சிஸ் 1908-இல் வெளியிட்ட நீலகிரி கெஜட்டியரிலிருந்து அறிகிறோம். சென்னை அரசாங்கம் கோடைதோறும் தன் காரியாலயங்களோடு உதகைக்குக் குடிபோகும் வழக்கம் நிலைபெறுவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே, பிரெஞ்சு ஆட்சியின் தலைவர் அங்கே குளிர்ச்சியை அனுபவித்திருக்கிறார். இன்று கேத்தி அந்த ரயில் நிற்கும் ஒரு நிலையம்.

இந்தச் சாட்சியம் மெலியது. மூன்று பேரை வைத்து ஒரு வரலாற்றை எழுத முடியாது என்று வாசகர் சொல்லக்கூடும். ஆயினும் அதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மலைவாசத்திற்கு ஆசை 1819 முதலே இருந்தது. பணமும் அதிகாரமும் உள்ளவர் பல்லக்கிலும் குதிரையிலும், பின்னர் வண்டிப்பாதை வந்ததும் தோங்கா என்னும் குதிரை வண்டியிலும் ஏறிச் சென்றுகொண்டே இருந்தனர். அவர்களுக்கு ரயில் அத்தியாவசியம் அன்று. பங்கு வாங்குவோர் தயங்கியதும் இதனால்தான்: உச்சியில் இருக்கும் சிலரின் சௌக்கியத்திற்காக ஓடும் ரயில், தேயிலையும் காப்பியும் படைத்தளவாடமும் மூன்றாம் வகுப்புப் பிரயாணிகளும் ஏறும் வரையில், லாபம் தராது.

எதிர்ச்சோதனையாகப் பிரெஞ்சு இந்தோசீனத்தின் தலாத் பாதையை வைத்துப் பார்க்கலாம். தலாத் அமைந்துள்ள லாங்பியாங் பீடபூமியை மருத்துவர் யெர்சின் 1893-இல் கண்டார். கவர்னர் ஜெனரல் போல் தூமேர் அதை மலைவாச ஸ்தலமாகத் தேர்ந்தெடுத்தார். 1898-இல் இந்தோசீன ரயில்களுக்கென்று 20 கோடி பிராங்க் கடனுக்குப் பிரெஞ்சுப் பாராளுமன்றம் அனுமதி தந்தது. தொழில்நுட்பம் ஆயத்தமாக இருந்தது, கடனும் இருந்தது. ஆயினும் தாப்சாமிலிருந்து தலாத் வரையுள்ள 84 கிலோமீட்டர் பாதை 1932-இல்தான் முடிந்தது. தூமேர் 1902-இல் நீங்கியதும் திட்டம் உறங்கியது. முதல் உலகப் போரில் தாய்நாட்டிற்கு விடுமுறையில் போக வழியின்றி ஐரோப்பிய உத்தியோகஸ்தர் காலனியிலேயே அடைபட்ட பிறகுதான் தலாத்துக்கு யோகம் பிறந்தது. 1922-இல் லாங்பியாங் பாலஸ் ஓட்டல் திறந்தது. நீலகிரியைவிடச் செங்குத்தாக, நூற்றுக்குப் பன்னிரண்டு என்ற ஏற்றத்தில், அதே அப்ட் முறையில் அந்த ரயில் ஏறியது. மலை எங்கும் ஒன்றுதான். நாள் குறித்தவை வேறு.

மலை ரயிலில் சொகுசு என்பதன் வரலாறும் இந்த ஒப்பீட்டில் வேறாகப் புலப்படுகிறது. நீலகிரியின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்கள் 1914 முதல் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை. தலாத்தின் எஞ்சின்களில் பலவும் அங்கே பிறந்தவையே. 1930-இல் தொடங்கிய கிளேசியர் எக்ஸ்பிரஸ் என்னும் சொகுசு ரயிலை ஃபூர்கா கணவாய் வழியே இழுத்த எஞ்சின்களில் சில, அப்பாதை மின்மயமான பின் 1947-இல் தலாத்துக்கு விற்கப்பட்டு, 1990-இல் சுவிட்சர்லாந்துக்கே திரும்பின. ஓர் எஞ்சின் இழுக்கும் ரயிலைச் சொகுசு என்று அழைப்பது எஞ்சினைப் பொறுத்ததன்று என்பது இதனால் விளங்கும். எடைக் கட்டுப்பாடு மிகுந்த நீலகிரிப் பற்சட்டப் பாதையில் உணவுப் பெட்டியும் படுக்கையும் கிடையா; அங்கே மரப்பெட்டிகளைப் பின்னாலிருந்து எஞ்சின் தள்ள, 46 கிலோமீட்டர் தூரத்தை ஏறி முடிக்க ஐந்து மணி நேரம் வரை ஆகிறது. சாலையில் பஸ் விரைந்து சென்று சரக்கையும் அவசரப் பிரயாணியையும் கொண்டுபோன பிறகே, அந்த மெதுவான நேரம் விலையுள்ள பொருளாயிற்று. தலாத்தில் அந்தத் திருப்பம் நிகழவில்லை: வியட்நாம் போரினால் அறுபதுகளின் இறுதியில் போக்குவரத்துக் குலைந்தது, இறுதியாக நின்ற ஆண்டைப் பற்றி நூல்கள் உடன்படவில்லை, இன்று தலாத்திலிருந்து டிராய்மாட் வரை ஏழு கிலோமீட்டர் மட்டும் உல்லாசப் பிரயாணிகளுக்காக ஓடுகிறது.

தலாத் ரயிலில் நம்மவர் ஏறினார்களா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி தம் சுயசட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரியார் பலர் சைகோனில் சுங்கம், வரி, போலீஸ் இலாகாக்களில் உத்தியோகம் பார்த்தனர். ஐரோப்பியருக்கு உரிய சலுகை தமக்கும் உண்டு என்று வாதாடியவர்கள் அவர்கள்; மலைவாச விடுமுறையும் அதில் அடங்கியிருக்க வேண்டும் என்று நினைப்பது இயல்பு, நிரூபணம் வேறு.

முடிவாக, நீலகிரிப் பாதையைப் பற்றிய வர்ணனையில் 1854-ஐ யோசனையின் ஆண்டாக மட்டும் வைத்து, 1899 குன்னூர், 1908 உதகை என்று இரண்டு முடிவுகளையும் தனித்தனியே சொல்லி, தாமதத்தின் காரணமாக வட்டி உத்தரவாதத்தையும் கலைந்த கம்பெனியையும் குறிப்பிடுவதே முறையாகும். சைகோன் சென்று மீண்ட புதுவைக் குடும்பங்களின் பழைய பெட்டிகளில் தலாத் பயணச்சீட்டோ, கடிதமோ, புகைப்படமோ இருக்குமாயின், அவற்றைச் செல்லரிக்க விடாமல் ஆவணக் காப்பகத்தின் பார்வைக்குக் கொண்டுவருமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.