முறிந்த எலும்பும் காலமும்

திருவனந்தபுரத்தில் கிழக்கேகோட்டை என்றதும் பத்மநாப சுவாமி கோயிலும் சாலைக் கடைத்தெருவும் நம் நினைவுக்கு வரும். அங்கே களரி ஒன்றும் உண்டு. 1956-ஆம் ஆண்டில் சி. வி. கோவிந்தன்குட்டி நாயர் நிறுவிய அது, அவர்தம் தந்தையார் சி. வி. நாராயணன் நாயரின் பெயரால் சி. வி. என். களரி என வழங்குகிறது. களரி மரபில் போர்ப்பயிற்சி தரும் ஆசானே வைத்தியரும் ஆவார். அடிக்கக் கற்பிப்பவர் அடிபட்டதை ஆற்றவும் அறிந்திருத்தல் வேண்டும்.

கோட்டைக்கு வடக்கே சிறிது தொலைவில் ஆயுர்வேதக் கல்லூரி உள்ளது. ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா காலத்தில், 1889-இல், பாடசாலையாகத் தோன்றியது அது. ஆயுர்வேதத்தின் மூலநூல்களுள் ஒன்றான சுசுருத சங்கிதை எலும்பு முறிவை விரிவாகவே ஆராய்கிறது. விலகிய எலும்பை இழுத்து நேராக்கி, மரப்பட்டையோ மூங்கில் தப்பையோ வைத்துக் கட்டுமாறு கூறுகிறது. கட்டு தளர்ந்தால் எலும்பு நிலைகொள்ளாது; இறுகினால் வீக்கமும் வலியும் மிகும். இளையோர்க்கு ஒரு மாதம், நடுவயதினர்க்கு இரண்டு, முதியோர்க்கு மூன்று எனக் காலமும் குறிக்கிறது.

இளமையில் விரைவாகவும் முதுமையில் மெதுவாகவும் கூடும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது. முறிந்த இடத்தில் முதலில் குருதி கசிந்து உறைகிறது. இரண்டு மூன்று வாரங்களில் நாரும் குருத்தெலும்பும் கலந்த மென்மையான பாலம் ஒன்று முனைகளை இணைக்கிறது. பின்னர்ச் சுண்ணாம்புச் சத்துப் படிந்து அது கெட்டியாகிறது. அதன் பின்னும், தாங்கும் சுமைக்கேற்ப எலும்பு தன்னைத் திருத்திக்கொள்வது ஆண்டுக்கணக்கில் நடைபெறும். இவ்வியல்பை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892-இல் நூலாக வெளியிட்டார்.

ஆக, வைத்தியர் செய்வது எலும்பை நேராக்கி அசையாமல் நிறுத்துவதே. கூட்டுவது உடம்பும் காலமும். 1895-இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறியும்வரை, உள்ளே நிகழ்வதை விரலால் தடவியே உணரவேண்டியிருந்தது. இன்று கண்ணாலேயே காணலாம்.

பிழைப்பு நாடி வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் பழங்கதை அன்று. சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தவர், கூலி போகிறதே என்று மூன்றாம் வாரத்திலேயே கட்டை அவிழ்ப்பதுண்டு. வலி தணிந்தது எலும்பு கூடியதற்கு அடையாளம் அன்று. அப்பொழுது இருப்பது அந்த மென்மையான பாலமே. அது குலைந்தால் எலும்பு கோணலாகச் சேரலாம்; சேராமலும் போகலாம். ஆகவே, அடிபட்ட உறுப்பை நீவாமல் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்போம். கட்டிய பின் விரல்கள் மரத்தாலோ நிறம் மாறினாலோ உடனே மருத்துவரிடம் செல்வோம். அவர் குறித்த நாள்வரை பொறுத்திருப்போம். சில வாரக் கூலியை இழந்தாலும், வாழ்நாளெல்லாம் உழைக்கவேண்டிய கை நமக்கு மிஞ்சும்.