36-ஆம் எண் டிராம்

சத்யஜித் ராயின் ‘மகாநகர்’ (1963) ஒரு டிராமின் கூரைமேல் தொடங்குகிறது. மின்கம்பியை உரசிக்கொண்டு ஓடும் கம்பத்தின் நுனியை விட்டுக் கேமரா நகர்வதில்லை. நடுநடுவே பொறி பறக்கிறது. ஹவுரா பாலமோ விக்டோரியா நினைவகமோ அந்தத் தொடக்கத்தில் கிடையாது. பயண வீடியோ எடுப்பவர்கள் ட்ரோனைப் பறக்கவிடும் முன் இதைப் பார்க்கலாம். ஊருக்குள் போகிற ஏதாவது ஒன்றின் பின்னால் போனாலே ஊர் தானாக வந்து சேரும்.

கொல்கத்தாவில் அப்படிப் பின்தொடர ஏற்றதாக இருந்தது கிடர்பூர் டிராம். 1873-இல் குதிரை இழுத்துத் தொடங்கியது அந்நகரின் டிராம். 1902 மார்ச் 27 அன்று எஸ்ப்ளனேடுக்கும் கிடர்பூருக்கும் இடையே முதல் மின்சார டிராம் ஓடியது. ஆசியாவிலேயே இதுதான் முதல் என்று அங்கே பெருமை பேசுவார்கள். சென்னைக்காரர்களுக்குச் சிரிப்பு வரும்: இங்கே 1895-லேயே ஓடியாயிற்று. ஆனால் நம்முடையதை 1953-இல் மூட்டை கட்டிவிட்டோம், அவர்கள் விடவில்லை.

36-ஆம் எண் கொண்ட அந்தக் கிடர்பூர் வண்டியின் தடம் படமெடுக்கவென்றே போட்டதுபோல இருந்தது. ஒரு முனையில் கப்பல்துறை, லாரிகள், வெளிநாட்டுச் சாமான்களுக்குப் பேர்போன ஃபேன்சி மார்க்கெட். ஹேஸ்டிங்ஸ், குதிரைப் பந்தயத் திடல் என்று நகர்ந்து, சட்டென்று கட்டடமே இல்லாத மைதானப் புல்வெளிக்குள் நுழைந்துவிடும். கடைத்தெருவில் துண்டு துண்டாக எடுத்த காட்சிகளே போதுமாக இருந்திருக்கும்; மைதானத்தில் மட்டும் வெட்டாமல் ஓடவிட்டிருக்கலாம், பின்னணி இசையும் தேவைப்பட்டிருக்காது, சக்கரச் சத்தமும் மணியும் இருந்தன. முன்பெட்டி முதல் வகுப்பு, அதில் மின்விசிறி இருந்தது. பின்பெட்டியில் கட்டணம் குறைவாக இருந்தது, காற்று ஜன்னல் வழியாக வந்தது. இதை வர்ணனையில் சொல்வதைவிட, இரண்டு பெட்டிகளின் முகங்களையும் அடுத்தடுத்துக் காட்டியிருந்தால் பார்ப்பவருக்கே புரிந்திருக்கும்.

2020 மே 20 அன்று ஆம்பன் புயல் மரங்களைச் சாய்த்தது, மின்கம்பிகள் அறுந்தன. வேறு சில தடங்கள் மீண்டன, கிடர்பூர்த் தடம் மீளவில்லை. எஸ்ப்ளனேடுக்கும் மைதானத்துக்கும் நடுவே பாரம்பரியச் சவாரி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு அறிவித்தது.

வண்டி இல்லாமல் வண்டியின் கதையை எப்படி எடுப்பது? தடத்தையொட்டி நடக்கலாம். கிடர்பூரில் வயதானவர்களிடம், டிராமில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்குவீர்கள், எந்த வேலைக்குப் போனீர்கள் என்று கேட்டால் போதும்; வீடியோவுக்கான ஆட்கள் கிடைத்துவிடுவார்கள்.