போலீசைக் கண்டு ஓடினால் சந்தேகமா?

1995 செப்டம்பர் 9. அமெரிக்காவின் சிகாகோ நகரில், போதைப்பொருள் விற்பனைக்குப் பேர்போன ஒரு வட்டாரத்திற்குள் நான்கு போலீஸ் கார்கள் வரிசையாக நுழைந்தன. கையில் பையுடன் நின்றிருந்த வார்ட்லோ என்பவர் அவற்றைப் பார்த்ததும் ஓட்டம் பிடித்தார். துரத்திப் பிடித்துத் தடவிப் பார்த்தால், பைக்குள் குண்டு போட்ட கைத்துப்பாக்கி.

துப்பாக்கி இருந்ததை யாரும் மறுக்கவில்லை. அது கண்ணில் படுவதற்கு முன்பே அவரைத் தடுத்து நிறுத்தப் போலீசுக்கு என்ன காரணம் இருந்தது என்பதுதான் வழக்கு.

அங்கே இதற்கான அளவுகோலை 1968ல் டெர்ரி வழக்கு வகுத்தது. கைது செய்யும் அளவுக்கு ஆதாரம் இல்லாவிட்டாலும், 'நியாயமான சந்தேகம்' இருந்தால் போலீஸ் ஒருவரைச் சற்று நேரம் நிறுத்தலாம். அவரிடம் ஆயுதம் இருக்கலாம் என்று கருதக் காரணம் இருந்தால் மேலாடையைத் தடவிப் பார்க்கலாம். ஆனால் 'மனசில் பட்டது' என்பது போதாது; கண்ணால் கண்ட விவரங்களைச் சொல்ல வேண்டும். கெட்ட பெயர் எடுத்த வட்டாரத்தில் நிற்பது மட்டுமே சந்தேகத்திற்குக் காரணமாகாது என்றும் 1979ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது.

வார்ட்லோ வழக்கில், 2000 ஜனவரியில், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் போலீசார் வென்றனர். வட்டாரம் மட்டும் போதாது. அதோடு தலைதெறிக்க ஓடியதும் சேர்ந்தால் போதும் என்றது தீர்ப்பு. மாறுபட்ட கருத்து எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ், இத்தகைய வட்டாரங்களில் வாழும் குற்றமற்றவர்களும், போலீசின் கையில் அகப்பட்டாலே ஆபத்து என்று அஞ்சி ஓடுவதுண்டு என்றார். அந்த வட்டாரங்களில் குடியிருப்பவர்களுக்கு இது புதுச் செய்தியல்ல.

நியூயார்க்கில் இதன் விளைவு எண்களில் தெரிந்தது. 2004 முதல் 2012 நடுப்பகுதி வரை சுமார் 44 லட்சம் முறை மக்கள் நிறுத்தப்பட்டனர். பத்தில் ஒன்பது முறை போல, மேல் நடவடிக்கை எதுவும் இல்லை. நிறுத்தப்பட்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் கறுப்பர்கள். போலீஸ் படிவத்தில் அதிகம் குறியிடப்பட்ட காரணங்களுள் ஒன்று, 'குற்றம் மிகுந்த இடம்'. ஒரு பெட்டியில் ஒரு கோடு போட்டால் முடிந்தது வேலை! அந்த நடைமுறை அரசியலமைப்புக்கு விரோதமானது என்று 2013ல் கூட்டரசு நீதிபதி ஒருவர் தீர்ப்பளித்தார்.

மலேசியாவிலும் இதே சொல் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, நியாயமான சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமல் கைது செய்யப் போலீசை அனுமதிக்கிறது. அடையாளக் கார்டைக் காட்டச் சொல்வது வேறு. அதற்குத் தனி விதி இருக்கிறது. மரம் ஏற்றிய லாரி சம்பந்தப்பட்ட ஷாபான் வழக்கு மலேசியாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சந்தேகம் என்பது ஆதாரம் இல்லாதபோது எழும் ஊகம்தான்; அது விசாரணையின் தொடக்கத்தில் வருவது, ஆதாரம் முடிவில் வருவது என்று டெவ்லின் பிரபு அதில் விளக்கினார். மலேசிய நீதிமன்றங்களில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது அந்த விளக்கமே.